மூன்று கையேடுகளும் ஒரு கடன் விண்ணப்பமும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் உதியன்குளங்கரை. இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் இன்றும் எல்லையின் இரு புறமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நமது கிளைக்கு வருவோரில் பலர் பேச்சை மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள்.

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல், தாயும் மகளுமாக இருவர் நமது மேசைக்கு முன் வந்து அமர்ந்தனர். தந்தை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர். தாய் முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை செய்பவர். மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தகவல் கையேடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். ஒன்று உயிரித்தொழில்நுட்பம், மற்றொன்று வேளாண்மை, அதில் பயிர் இனப்பெருக்கவியலுக்குச் செல்லும் வழி அடிக்கோடிடப்பட்டிருந்தது, மூன்றாவது மருத்துவ நலவியல் சார்ந்த படிப்புகள்.

தாய் நேரே விஷயத்துக்கு வந்தார்: “சாரே, இந்த மூணுல எதைப் படிச்சா வாங்கின கடனை அடைக்கலாம்? அதை மட்டும் சொன்னாப் போதும்.”

மகளுக்கு வெட்கமாகிவிட்டது. “அம்மா, அதைப் போய் சாரிடம் கேட்டா எப்படி?” என்றார்.

“கடன் கொடுக்கப் போறது அவங்கதானே மக்களே. அவங்ககிட்டதான் கேக்கணும்” என்றார் தாய்.

அவர் கேட்டதில் தவறேதும் இல்லை. ஆனால் அன்று நாம் உடனே விடை கூறவில்லை. ஒரு வாரம் கழித்து வரும்படி கேட்டுக்கொண்டோம். அதற்குக் காரணம், நமது பழைய கணக்கு ஒன்று.

குறையற்ற கோப்பு, குறைப்பட்ட படிப்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு ஊரில் பணியாற்றியபோது, இளநிலை உயிரித்தொழில்நுட்பம் படிக்க விரும்பிய ஓர் இளைஞருக்குக் கல்விக்கடன் வழங்கினோம். மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் அனைத்தும் முறையாக இருந்தன. மூன்று ஆண்டுகளில் அவர் முதல் வகுப்பில் தேறினார். அத்துறையில் நிலையான வேலை கிடைக்க முதுநிலைப் பட்டமாவது வேண்டும் என்பதை அதன் பிறகுதான் அவரும் அறிந்தார், நாமும் அறிந்தோம். முதுநிலையில் அவருக்கு இடமும் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஓராண்டு ஒத்திவைப்புக் காலம் முடிந்து, முதல் தவணைக்கான அறிவிப்பு அவர் வீட்டுக்குச் சென்றுவிட்டது. அவர் படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார்.

கடன் முடிந்து நிலுவையின்மைச் சான்று வாங்க வந்தபோது, இனிப் படிப்பைத் தொடர்வீர்களா என்று கேட்டோம். “வயசு போயிட்டுது சார்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மேற்படிப்புக்குச் செல்பவர் விண்ணப்பித்தால் தவணையை ஒத்திவைக்கவும், கூடுதல் கடன் பெறவும் கல்விக்கடன் திட்டத்தில் வழி இருந்தது. அவர் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. நமது பேரேட்டில் அது நல்ல கணக்கு. வாராக்கடன் பட்டியலில் ஒருநாளும் இடம்பெறாத கணக்கு. ஆனால் அந்தக் கடன் எதற்காக வழங்கப்பட்டதோ அது நிறைவேறவில்லை.

ஆகவே இம்முறை விண்ணப்பப் படிவத்தை எடுப்பதற்கு முன், அந்த மூன்று கையேடுகளையும் எடுத்துப் படித்தோம். வணிகவியல் படித்த நமக்குப் பற்றும் வரவும் தெரியும், மரபணு தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டறிந்தோம். அப்போது நமக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது இவ்வூர் மக்கள் நாள்தோறும் உண்ணும் ஒரு பொருள்: மரச்சீனிக் கிழங்கு.

ஒரு கிழங்கு, மூன்று அறிவியல்

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் மரச்சீனி, தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே நம் கரைக்கு வந்த பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோனபோது, இப்பகுதியின் ஏழை எளியோரைப் பட்டினியிலிருந்து காத்தது இக்கிழங்கே.

மரச்சீனியை விதை ஊன்றி யாரும் பயிரிடுவதில்லை. தண்டை வெட்டி நடுகிறோம். அதனால் தாய்ச்செடி எப்படியோ, சேய்ச்செடியும் அப்படியே. புதிய இரகம் வேண்டுமென்றால், இரு வேறு செடிகளின் பூக்களைக் கலந்து விதை உண்டாக்க வேண்டும். அவ்வாறு பிறக்கும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணம் உடையது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, கழித்துக் கழித்து, பல பருவங்கள் பல மண்ணில் சோதித்து, இறுதியில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிர் இனப்பெருக்கவியல் என்பது இதுதான். அதற்குத் தேவையான முதலீடு பொறுமை.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு உருவான எச்-97, எச்-165, எச்-226 என்னும் கலப்பினங்கள் 1971ஆம் ஆண்டிலும், ஸ்ரீ விசாகம், ஸ்ரீ சஹ்யா என்பவை 1977ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. இவற்றுள் எச்-165, எச்-226 ஆகிய இரண்டும் எல்லை தாண்டிச் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் பரவின. அங்குள்ள ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கு மூலப்பொருளாயின. நம் வீட்டுப் பாயசத்தில் விழும் ஜவ்வரிசிக்குப் பின்னால் ஸ்ரீகாரியத்தின் வயல் நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அடுத்து, உயிரித்தொழில்நுட்பம். மரச்சீனியின் பெரும்பகை தேமல் நோய். இலை மஞ்சள் திட்டுகளுடன் சுருங்கி, விளைச்சல் குன்றும். வெள்ளை ஈயும் நோயுற்ற தண்டும் இந்த வைரஸைப் பரப்புகின்றன. தண்டையே நடுவதால் நோயும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இங்கேதான் ஆய்வுக்கூடம் உதவிக்கு வருகிறது. செடியின் நுனி மொட்டிலுள்ள மிகச் சிறு துணுக்கை எடுத்துத் திசு வளர்ப்பு முறையில் வளர்த்தால் வைரஸ் இல்லாத நாற்றுகளைப் பெறலாம். எந்த நாற்றில் நோய் எதிர்ப்பு மரபணு உள்ளது என்பதை, அது வளர்ந்து கிழங்கு வைக்கும் வரை காத்திராமல், இலைத் துணுக்கின் டி.என்.ஏ.வைக் கொண்டே கண்டறியலாம். தேமல் நோயைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா என்னும் இரகமும் அதே நிறுவனத்திலிருந்து வந்துள்ளது.

மூன்றாவது, மனித நலவியல். மரச்சீனியில் சயனைடை உண்டாக்கும் இயற்கைப் பொருள் உண்டு. நம் பாட்டிமார்கள் கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டியதன் காரணம் அதுவே. கேரளத்தில் இளவயதினரிடையே கணையத்தில் கற்கள் உண்டாகி, தாளாத வயிற்றுவலியும் நீரிழிவும் வரும் நோய் ஒன்று பரவலாகக் காணப்பட்டது. மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் நோயாளிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து அதன் தன்மையைப் பதிவு செய்தார். ஊட்டக்குறைவும் மரச்சீனியும் காரணமாக இருக்கலாம் என்று நெடுங்காலம் ஐயுறப்பட்டது. ஆனால் மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் இருந்தது. பிற்காலத்தில், நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. கிழங்கின் மேல் விழுந்த பழியை ஆராய, மருத்துவரும் ஊட்டச்சத்து அறிஞரும் மரபியலாரும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

உணவே மருந்தாகும் திசையிலும் இம்மூன்றும் சந்திக்கின்றன. அதே நிறுவனத்தின் பூ சோனா என்னும் சர்க்கரைவள்ளி இரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் அளவுக்கு பீட்டா கரோட்டின் உள்ளது. வழக்கமான இரகங்களில் இது 2 முதல் 3 மில்லிகிராம் மட்டுமே. உடலில் இது வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்பார்வையைக் காக்கிறது. வயலில் பிறந்த இந்த இரகத்தின் பயன் குழந்தையின் கண்ணில் தெரிகிறது.

ஆகவே அந்த மூன்று கையேடுகளும் ஒன்றுக்கொன்று பகையான மூன்று துறைகளைச் சொல்லவில்லை. எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் பிற்காலத்தில் மற்ற அறைகளுக்குள் செல்ல வழி உண்டு. இதற்குப் பெரிய சான்று எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த அவர் முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் பெற்றார். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் கொடுமை அவர் மனத்தை மாற்றியது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் மீண்டும் இளநிலை மாணவராகச் சேர்ந்தார். பின்னர் தில்லியிலும் கேம்பிரிட்ஜிலும் மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் பயின்றார். அந்த இரண்டாம் பட்டத்தில் தொடங்கிய பயணமே நாட்டின் பசுமைப் புரட்சியில் அவருக்குத் தலைமையிடத்தைப் பெற்றுத் தந்தது.

பட்டத்தின் பெயரும் பாதையின் நீளமும்

அறிவியலில் மூன்றும் ஒன்றாயினும், வேலைக்கும் வருமானத்துக்கும் இட்டுச்செல்லும் பாதை மூன்றிலும் வேறுவேறு நீளம் உடையது. கடன் வாங்குவோர் அறிய வேண்டியது இதையே.

பயிர் இனப்பெருக்கவியலுக்குப் பெரும்பாலோர் செல்லும் வழி நான்கு ஆண்டு வேளாண்மைப் பட்டம். அதன் பிறகு ஈராண்டு முதுநிலையில் இனப்பெருக்கவியலையும் மரபியலையும் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். கால்நடை இனப்பெருக்கத்துக்கு ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டமே வாயில். இவ்வழியின் நன்மை, பாதி வழியில் நின்றாலும் வேலை உண்டு என்பதாகும். வேளாண் பட்டதாரிகளுக்கு அரசுத் துறைகளும் விதை, உர நிறுவனங்களும் இடம் தருகின்றன. பொதுத்துறை வங்கிகளே வேளாண் கள அலுவலர் பணிக்கு இவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வேளாண் உயிரித்தொழில்நுட்பத்தில் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், நமக்கு அருகில் 1955 முதல் இயங்கிவரும் வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியும் இத்துறையின் பெயர் பெற்ற நிலையங்கள். அழியும் நிலையிலிருந்த வெச்சூர்ப் பசுவை 1989ஆம் ஆண்டு முதல் தம் மாணவர்களோடு தேடிக் காத்த பேராசிரியர் சோசம்மா ஐப் கால்நடை இனப்பெருக்கத் துறையைச் சேர்ந்தவர். 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார்.

உயிரித்தொழில்நுட்பம் வேறு வகை. மத்திய அரசு 1986ஆம் ஆண்டு இதற்கெனத் தனித்துறையை அமைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. இன்று கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி.யும், பொறியியல் கல்லூரிகளில் நான்காண்டு பி.டெக்.கும் ஏராளம். ஆனால் ஆய்வுப்பணிக்கு இளநிலை முதற்படி மட்டுமே. முதுநிலை, அதன்பின் முனைவர் பட்டம் என்று பாதை நீள்கிறது. முனைவர் பட்ட நிலையை அடைந்து, சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றுவிட்டால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அப்போது கடன் தேவையில்லை. இடையில் உள்ள முதுநிலை ஈராண்டுதான் பலரும் தடுக்கி விழும் படி. அந்தப் படியைக் கடக்கவும் உதவி உண்டு. உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற முதுநிலைப் படிப்புகளுக்கு காட்-பி என்னும் நுழைவுத்தேர்வு நடைபெறுகிறது; அதன்வழிச் சேர்வோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்திலும், ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்திலும் இத்துறையில் முதுநிலையும் ஆய்வும் நடைபெறுகின்றன.

மனித நலவியல் படிப்புகளில் ஆய்வக நுட்பம், கண்ணொளி அளவியல், இயன்முறை மருத்துவம் போன்றவை விரைவில் வேலைக்கு இட்டுச் செல்பவை. இவற்றை ஒழுங்குபடுத்த 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. கேரளத்தில் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இப்படிப்புகளுக்கு இணைப்பு வழங்குகின்றன. இணைப்பற்ற நிறுவனம் அளிக்கும் சான்றிதழ், சுவரில் மாட்ட மட்டுமே பயன்படும். மேலே செல்ல விரும்புவோருக்கு இங்கும் உயரங்கள் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1990ஆம் ஆண்டு உள்நாட்டிலேயே உருவாக்கிய செயற்கை இதய வால்வை நோயாளிக்குப் பொருத்தியது. அதே நிறுவனம் 1997 முதல் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டமும் அளித்துவருகிறது.

எல்லையின் இரு புறமும் இரு கதவுகள்

எல்லையோரத்தில் வாழும் வாடிக்கையாளர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரே படிப்புக்கு இரு மாநிலங்களிலும் சேர்க்கை முறை வேறு. கேரளத்தில் வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு நீட் தரவரிசை கணக்கில் கொள்ளப்படுகிறது. அதற்கு மாநிலத்தின் கீம் விண்ணப்பத்தையும் உரிய காலத்தில் அளித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. ஆனால் அங்கே பிறப்பிடச் சான்று கேட்கப்படும். வீட்டில் தமிழ் பேசுவதாலோ, தாய்மாமன் மார்த்தாண்டத்தில் இருப்பதாலோ ஒரு மாணவி தமிழ்நாட்டவராகக் கருதப்படமாட்டார். எந்த ஊரில் எத்தனை ஆண்டு படித்தார், பெற்றோரின் பிறப்பிடம் எது என்பவை எல்லாம் ஆராயப்படும். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் அவ்வாண்டின் தகவல் கையேட்டையே நம்ப வேண்டும்.

மூன்றாவது கதவு ஒன்றும் உண்டு. வேளாண் பல்கலைக்கழகங்களின் இளநிலை இடங்களில் 20 விழுக்காடு அனைத்திந்திய ஒதுக்கீடாக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வாயிலாக நிரப்பப்படுகிறது. இதற்குக் கியூட் தேர்வு எழுத வேண்டும். பாறசாலைப் பிள்ளையும் கோயம்புத்தூரில் படிக்க இது வழி. ஆனால் இத்தேர்வுகளுக்கான விண்ணப்பக் காலம் பிளஸ் டூ முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஜூன் மாதம் விழித்துக்கொண்டால் ஓராண்டு கழிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

கணக்குப் பார்ப்போம்

இனி நமக்குத் தெரிந்த துறைக்கு வருவோம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை மாணவர் தம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் கீழ் சொத்துப் பிணையம் இன்றி வழங்கலாம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. அக்காலத்தில் தனிவட்டி மட்டுமே கணக்கிடப்படும். திருப்பிச் செலுத்த 15 ஆண்டுகள் வரை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் என மொத்தம் 4 லட்சம் கடன். வட்டி, கணக்கு வசதிக்காக, 9 விழுக்காடு என்று கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் சேர்ந்திருக்கும் வட்டி 1,26,000 ரூபாய். மொத்தக் கடன் 5,26,000. இதைப் பத்தாண்டுகளில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 6,663 ரூபாய். 15 ஆண்டுகளில் என்றால் ஏறத்தாழ 5,335 ரூபாய். தவணை குறைவாகத் தோன்றினும், பத்தாண்டில் மொத்தம் 8 லட்சமாக முடிவது 15 ஆண்டில் 9.6 லட்சமாகிவிடும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியைச் செலுத்திவந்தால் என்ன ஆகும்? முதலாண்டில் மாதம் 750 ரூபாய், இரண்டாமாண்டில் 1,500, மூன்றாமாண்டில் 2,250, அதன்பின் 3,000. படிப்பு முடிந்தபின் கடன் 4 லட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை ஏறத்தாழ 5,067 ரூபாயாகக் குறையும். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 65,000 ரூபாய் மிச்சம். முழு வட்டியும் கட்ட இயலாதவர்கள் இயன்றதைக் கட்டலாம்.

மேற்படிப்புக்காகத் தவணையை மேலும் ஈராண்டு ஒத்திவைத்தால்? 4 லட்சத்துக்கு ஈராண்டு வட்டி 72,000 கூடும். பத்தாண்டுத் தவணை 6,663இலிருந்து ஏறத்தாழ 7,575 ஆகும். வேறுபாடு மாதம் 912 ரூபாய். முதுநிலைச் செலவு தனி என்றாலும், காத்திருப்பதன் விலை இவ்வளவே. இந்தக் கணக்கை அன்று யாராவது அந்த இளைஞருக்குப் போட்டுக் காட்டியிருந்தால் அவர் துணிக்கடைக்குப் போயிருக்க மாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம்.

அரசின் வட்டி மானியமும் உண்டு. ஆண்டுக் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்கு மிகாதவர்களுக்கு, வரையறுக்கப்பட்ட நிறுவனங்களில் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஒத்திவைப்புக் கால வட்டியை அரசே ஏற்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் இடம் பெறுவோருக்குப் பிணையமும் ஜாமீனும் இன்றிக் கடன் கிடைக்கும்; வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு ஒத்திவைப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. எல்லாக் கல்லூரியும் எல்லாப் பட்டமும் இவற்றில் அடங்கமாட்டா. கட்டணம் கட்டுவதற்கு முன் கிளையில் கேட்டறிவதே முறை.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய ஐந்து

1. இப்பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? கல்லூரியின் இணைப்பு இவ்வாண்டும் செல்லுபடியாகிறதா? இடைத்தரகர் சொல்லை நம்பாமல் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பாருங்கள்.

2. பாடத்திட்டத்தில் செய்முறைக்கு எத்தனை மணி நேரம்? கல்லூரிக்குச் சொந்தமாக ஆய்வுக்கூடமோ வயலோ மருத்துவமனையோ உண்டா? நேரில் சென்று பாருங்கள்.

3. இந்தப் பட்டத்தோடு நின்றால் என்ன வேலை? சென்ற மூன்று ஆண்டுகளில் படித்து முடித்த மாணவர் மூவரிடமாவது பேசுங்கள்.

4. மேற்படிப்பு தேவையென்றால், மொத்தம் எத்தனை ஆண்டு? அதற்கு நுழைவுத்தேர்வு, உதவித்தொகை என்னென்ன?

5. முதல் தவணை எந்த மாதம்? அன்று குடும்பத்தில் சம்பாதிப்பவர் யார் யார்? மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால், தவணை தொடங்கும் முன்பே சேர்க்கைக் கடிதத்தோடு கிளைக்கு வாருங்கள்.

அவர்கள் மீண்டும் வந்தபோது

தாயும் மகளும் ஒரு வாரத்துக்குப் பின் வந்தார்கள். மேற்கண்ட கேள்விகளையே நாம் அந்த மாணவியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த முறை அவர் தனியே வந்தார். தாளின் பின்பக்கம் வரை விடைகள் நிறைந்திருந்தன. மூன்று கையேடுகளில் ஒன்றை அவரே ஒதுக்கிவிட்டார். அக்கல்லூரியில் படித்தவர்களிடம் பேசியபோது, திசு வளர்ப்புக் கூடத்தை மூன்றாண்டில் இருமுறைதான் திறந்தார்கள் என்று தெரிந்ததாம். நீட் தரவரிசையில் வேளாண்மை கிடைத்தால் அதுவே முதல் விருப்பம். கிடைக்காவிட்டால் அரசு நிறுவனத்தில் ஆய்வக நுட்பம். எதில் சேர்ந்தாலும் மரபியலில் முதுநிலை வரை செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கான ஆண்டுகளையும் அவரே கூட்டி எழுதியிருந்தார்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தபின் விண்ணப்பத்தை நிறைவு செய்யலாம் என்று கூறினோம். அன்று மாலை தாயும் வந்து சேர்ந்தார். படிப்பு நான்கு ஆண்டு, மேற்படிப்பு ஈராண்டு, அதன்பின் ஓராண்டு, பிறகு பத்தாண்டுத் தவணை என்று தாளில் வரிசையாக எழுதிக் காட்டினோம். அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டார். மலைத்துப் போவார் என்று எதிர்பார்த்தோம்.

“மரச்சீனி நட்டா பத்து மாசம் காத்திருக்கோம் சாரே. பிள்ளைக்குக் காத்திருக்க மாட்டோமா? எத்தனை வருசம்னு முன்னாடியே சொல்லிட்டாப் போதும்” என்றார்.